ஐந்தாம் வரிசை

வெயில் இறங்கட்டும் என்று காத்திருக்கிறோம்.
தெளிப்பான் முதுகில் ஏறிவிட்டது.
துர்கென் மலைமுகட்டில் மட்டும்
விரலளவு வெளிச்சம் மிச்சமிருக்கிறது.
பகலில் தெளித்தால் பாதி செத்துவிடும் என்றேன்.
"வெயிலுக்கே சாகிறதா
என் மரத்தைக் காக்கப் போகிறது?"
ரிஸ்வான்குல் பால்பவுடர் பையைப் பல்லால் கிழித்தாள்.
பால்தான் அதற்குக் குடை.
வாளியில் கரைத்தோம்.
கைக்குழந்தைக்கு ஆற்றுவதுபோல் இருக்கிறது என்று
அவள் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

போன வருடம் பூத்த கையோடு வந்தது நோய்.
புகை இல்லை, பொறி இல்லை,
கொழுந்து கருகியது.
கிளைநுனிகள் துறட்டியாய் வளைந்தன.
பட்டையில் தேன்நிறத்தில் ஒரு சொட்டு கசிந்தது.
மழை அதைக் கரைத்துப் பூவில் விட்டது.
தேனீ அதை அடுத்த பூவுக்கும்
அதற்கடுத்த பூவுக்கும்
கல்யாணப் பத்திரிகைபோல் வைத்துக்கொண்டே போனது.
தீக்கருகல் என்று எழுதி
மாவட்ட அலுவலகம் முத்திரை குத்தியது.
நூற்றுப்பத்து அபோர்ட் ஆப்பிள் மரங்கள்
வேரோடு பெயர்ந்து குவிந்தன.
தீயில்லாமல் கருகியதற்கு
அரசாங்கம் தீ வைத்தது.

தப்பிய ஒன்றின் அடியில்
ஒரு கரண்டி மண் எடுத்துப் போனேன்.
அல்மாட்டியில், ஹீட்டர் இருமும் அறையில்,
கண்ணாடித் தட்டு முழுக்க
நோயை நானே பயிரிட்டேன்,
பால்நிறப் புல்வெளி.
மறுநாள் காலை அதில்
ஊசிமுனை அளவு வழுக்கைகள், ஏழு.
ஏழு இடங்களில் யாரோ மேய்ந்திருந்தார்கள்.

ஃபேஜ் என்று பெயர்.
ஒரு தலை, சில கால்கள்,
வயிறு கிடையாது, ஆனாலும் பசி.
இலையைத் தெரியாது, தேனீயைத் தெரியாது,
என்னையும் உன்னையும் தெரியாது என்று
ரிஸ்வான்குல்லுக்கு விளக்கினேன்.
ஒரே ஒரு வீட்டுக் கதவை மட்டும் தட்டுகிற
கடன்காரன் அது.
உள்ளே போகும்.
வீடு வெடித்து, நூறாய் வெளியே வரும்.
"என் மைத்துனனைப் போல" என்றாள்.

நான்கு வரிசைக்கு ஃபேஜ்.
ஐந்தாம் வரிசைக்கு வெறும் தண்ணீர்.
"ஏன்?"
எது காத்தது என்று தெரிய வேண்டும்.
"தெரிவதற்காக அது சாக வேண்டுமா?"
முறை, என்றேன்.
காய் ஆப்பிளைக் கடித்ததுபோல்
அந்தச் சொல் நாக்கில் துவர்த்தது.

ஜூனில் எண்ணினேன்.
இரண்டாம் வரிசையில்
ஃபேஜ் குடித்தும் இரண்டு மரங்கள் கருகின.
அடிமரத்தில் நோய் முன்பே இறங்கியிருக்க வேண்டும்,
அவ்வளவு ஆழத்துக்கு எங்கள் வாளி எட்டாது.
அவற்றை அவளே வெட்டினாள்,
ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பத்தைச்
சாராயத்தில் கழுவிக் கழுவி.
மற்றவை காய்த்திருந்தன.
ஐந்தாம் வரிசையும் காய்த்திருந்தது.

ஐந்தாம் வரிசை இலைகளைக் கழுவிய தண்ணீரைத்
தட்டில் விட்டேன். காலையில் வழுக்கைகள்.
ஏழல்ல, எண்ண முடியாத அளவு.
மண்ணிலிருந்து தெறித்திருக்கலாம்,
காற்று கொண்டுவந்திருக்கலாம்,
நான் முதலில் தோண்டிய மரமும்
அந்த வரிசையில்தானே நிற்கிறது
என்று எனக்கு நானே வக்கீலானேன்.
பிறகு ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன்.
அடியில் காய்ந்த வெள்ளைத் திட்டு.
காற்று பால்பவுடர் கரைக்காது.

போய் நின்றேன். ரொட்டி பிய்த்துத் தந்தாள்.
நான் கேட்கவில்லை.
"வாளியில் மிச்சம் இருந்தது" என்றாள்,
"கீழே கொட்டவா சொல்கிறாய்?"

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஐந்தாம் வரிசை கணக்கில் இல்லை.
ஒரு வருட வேலை அந்த ஒற்றை வரியில் போனது.
அடுத்த வசந்தத்தில் மறுபடி,
வேறு தோட்டம், வேறு ஐந்தாம் வரிசை,
அதற்கு என் கையால் வெறும் தண்ணீர்.
தெளித்து முடித்ததும்
வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அவள் ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.
தின்றேன்.